ஒரு 'எம்' குறைந்த தீபாவளி!

போன மாதம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். காலேஜில் இரண்டாம் வருஷம். வந்ததிலிருந்து கையில் போன். திடீரென்று உதட்டைப் பிதுக்கி, "எட்டு ஜி.பி. ராம் மாமா... பத்தவே மாட்டேங்குது. ஹேங் ஆகுது" என்றான்.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மனக்கணக்குப் போட்டேன். எட்டு ஜி.பி.யை 640 கே.பி.யால் வகுத்தால் 13,107. அதாவது, நான் முதன்முதலில் வேலை பார்த்த கம்ப்யூட்டர் ஒரு புரோகிராம் ஓடுவதற்கென்று ஒதுக்கிய இடத்தைப் போலப் பதின்மூவாயிரம் மடங்கு இந்தப் பயலின் சட்டைப் பைக்குள் இருக்கிறது. அவனுக்குப் பத்தவில்லையாம்!

"நாங்கல்லாம் 640 கே.பி.யில குடும்பம் நடத்துனவங்கடா" என்றேன்.

"கே.பி.ன்னா?" என்றான்.

அப்புறம் அவனிடம் என்னத்தைச் சொல்ல? உங்களிடமாவது சொல்கிறேன்.

1993-ல் நான் பி.காம்., செகண்ட் கிளாஸ். சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் டிப்ளமா. பத்திரிகைகளில் சுஜாதா எழுதியதைப் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் தெரிந்தால் உலகமே கைக்குள் என்று நம்பிய கோஷ்டியில் நானும் ஒருவன். உலகம் கைக்குள் வரவில்லை. நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன மில்லில் மாதம் 900 ரூபாய் சம்பளம் வந்தது.

மில் என்றால் தீவனம் மட்டும் அல்ல. அறுபத்தொரு பண்ணைக்குக் கடனுக்குத் தீவனம் போகும்; அந்தப் பண்ணைகளின் முட்டை எங்களுக்கு வரும்; லாரி ஏறிக் கேரளாவுக்கும் பெங்களூருக்கும் போகும். முட்டையிடும் கோழி ஒன்று ஒரு நாளைக்கு 110 கிராம் அளவில் சாப்பிடும். பத்தாயிரம் கோழி என்றால் தினம் ஒரு டன்னுக்கு மேல். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கிளிஞ்சல்... அத்தனைக்கும் கணக்கு. முட்டை விலையோ நாளுக்கு ஒன்று. வாரா வாரம் சனிக்கிழமை காலை பண்ணைக்காரர்கள் வந்து வரவு போக மீதியை வாங்கிக்கொண்டு போவார்கள். இதற்காக வாங்கியதுதான் அந்த 386 மிஷின். ராம் நாலு எம்.பி. கறுப்பு-வெள்ளை மானிட்டர். உள்ளே டாஸ் 5.0. ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய கணக்கு புரோகிராம்.

அந்த மிஷினுக்கு இருந்த மரியாதை இருக்கிறதே! எங்கள் ஊர் ஆஞ்சநேயர் பதினெட்டு அடி உயரம். தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயில், மழை எல்லாம் அவர் மேல்தான். எங்கள் கம்ப்யூட்டருக்கோ கண்ணாடி ரூம், ஒன்றரை டன் ஏ.ஸி., பச்சைத் திரை! செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரணும். ஆயுத பூஜை அன்று மானிட்டருக்கு விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். வருகிற பண்ணைக்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தர் என்னிடம் ரகசியமாக, "ஏனுங் தம்பி, நாளைக்கு முட்டை வெலை என்னன்னு இதுல பாக்க முடியுமுங்களா?" என்று கேட்டார். இன்னொருத்தர் பெண்ணின் ஜாதகத்தையே கொண்டுவந்துவிட்டார்.

கண்ணாடி ரூமுக்கு வெளியே, ஃபேன் காற்று கூடச் சரியாக வராத மூலையில் கணக்கய்யா. முப்பது வருஷ சர்வீஸ். நாள்வழி, பேரேடு, சிவப்பு மைப் பேனா, நீல மைப் பேனா, மூக்குக் கண்ணாடி... இவ்வளவுதான் அவர் 'சிஸ்டம்'. 1994 ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான். பேரேடு வேண்டாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கணக்கய்யாவுக்கு வேலை, வருகிற சீட்டுகளை வரிசைப்படுத்தி என்னிடம் கொடுப்பது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து மிஷினை ஆன் செய்தால் படம் வராது, பாட்டு வராது. டிக்... டிக்... டிக்... என்று நினைவகத்தை எண்ணும். பிறகு இரண்டு ஃபைல்களைத் தேடிப் படிக்கும். முதலாவது 'கான்ஃபிக் டாட் சிஸ்'. இரண்டாவது 'ஆட்டோ எக்ஸெக் டாட் பேட்'. கடை திறப்பது போல வைத்துக்கொள்ளுங்களேன். இன்றைக்கு யார் யார் வேலைக்கு வரணும், யார் எங்கே உட்காரணும் என்பது முதல் சீட்டு. வந்தவர்கள் வரிசையாகச் செய்ய வேண்டிய காலை வேலை - கூட்டு, தெளி, சாம்பிராணி போடு - இரண்டாவது சீட்டு. இரண்டும் சாதாரண எழுத்துதான். யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம். அதுதான் வசதி, அதுதான் ஆபத்து!

திருத்த வேண்டிய அவசியம் என்ன? இடப் பஞ்சம்! 1981-ல் ஐ.பி.எம். தன் பி.ஸி.யைக் கொண்டுவந்தபோது அதன் சிப்பால் ஒரு எம்.பி. வரைதான் எண்ண முடியும். அதில் 384 கே.பி.யைத் திரைக்கும் இன்ன பிற சாமான்களுக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சம் 640-ஐ புரோகிராம்களுக்கு விட்டார்கள். '640 கே.பி. யாருக்கும் போதும்' என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு வதந்தி ரொம்ப நாளாக உண்டு. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்திருக்கிறார். சொன்னாரோ இல்லையோ, பின்னால் வந்த மிஷின்களில் நாலு எம்.பி., எட்டு எம்.பி. இருந்தும், டாஸ் மட்டும் அந்த 640-ஐயே கட்டிக்கொண்டு அழுதது.

நாமக்கல்காரனுக்கு இதை விளக்க லாரியை விட்டால் வேறு உதாரணம் ஏது? லாரிக்குப் பாடி கட்டும் ஊராயிற்றே! பாடியில் 640 மூட்டை ஏற்றலாம். ஆனால் சரக்கு ஏற்றுவதற்கு முன்பே தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, ஸ்டெப்னி, கிளீனரின் ஸ்டவ், அரிசி மூட்டை எல்லாம் பாடியில் ஏறி உட்கார்ந்துகொண்டால்? சரக்குக்கு 560 மூட்டை இடம்தான். டாஸ், மவுஸுக்கு ஒரு டிரைவர் புரோகிராம், டிஸ்க்குக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று எல்லாம் அந்த 640-க்குள்தான் குந்தியிருந்தன. எங்கள் ஃபாக்ஸ்ப்ரோ வந்து, "எனக்கு இடம் பத்தாது" என்று திரும்பிப் போய்விடும். மாதக் கடைசியில் பெரிய ரிப்போர்ட் போடும்போதுதான் சரியாக இப்படிச் செய்யும்.

நம் லாரிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? தார்ப்பாயையும் கயிற்றையும் கேபின் தலைமேல் கேரியரில் போடுகிறார்கள். ஜாக்கியைப் பாடிக்கு அடியில் டூல்ஸ் பெட்டியில் போடுகிறார்கள். 1991-ல் வந்த டாஸ் 5 இதைத்தான் செய்தது. 'ஹைமெம்' என்று ஒரு வரி. அடுத்து 'டாஸ் ஈக்குவல் டு ஹை' என்று ஒரு வரி. டாஸ் தன் மூட்டையில் பெரும்பகுதியைத் தூக்கிக்கொண்டு ஒரு எம்.பி.க்கு மேலே இருக்கிற 64 கே.பி. 'கேரியரில்' போய் உட்கார்ந்துவிடும். 'ஈ.எம்.எம். 386' என்று இன்னொரு வரி போட்டால், அந்த 384-க்குள் காலியாகக் கிடக்கிற சந்துபொந்துகளில் மவுஸையும் மற்றவர்களையும் திணிக்கலாம்.

ஆனால் வரிசை முக்கியம். ஹைமெம் முதலில், அப்புறம்தான் ஈ.எம்.எம். கேரியர் மாட்டாமலே தார்ப்பாயை மேலே எறிந்தால் என்ன ஆகும்? அதேதான். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஒரு வரியை மாற்றுவேன், ரீபூட் செய்வேன். 'மெம் ஸ்லாஷ் சி' என்று அடித்து எவ்வளவு காலி என்று பார்ப்பேன். 561... 589... 604... ஒரு நாள் 618 வந்தது! ஹார்லிக்ஸ் குடித்த குழந்தையின் எடையைப் பார்க்கிற அம்மாவுக்குக் கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. ரிப்போர்ட் தங்குதடையில்லாமல் ஓடியது. முதலாளி என்னை, "ஏப்பா கம்ப்யூட்டரு" என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கும் தலைக்குள் 'ஹைமெம்' ஏறிவிட்டது!

இந்தப் பெருமைக்கு நடுவில் செப்டம்பரில் ஒரு நாள் முதலாளி கண்ணாடி ரூமுக்கு வந்தார். கதவைச் சாத்தினார். ஒரு லெட்டர் டைப் அடிக்கச் சொன்னார். தீபாவளி போனஸோடு கணக்கய்யாவை வேலையிலிருந்து விடுவிக்கிற லெட்டர். "தேதிய விட்டுடு. தீபாவளி முடிஞ்சு போட்டுக்கலாம். யாருகிட்டயும் சொல்லாதே."

வேர்ட்ஸ்டாரில் அடித்து சேவ் செய்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டுவாடா. தீபாவளி வாரம் என்பதால் அறுபத்தொரு பேரும் ஆஜராகிவிடுவார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா சீட்டையும் ஏற்றி முடித்தேன். பிரிண்ட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

எடுத்திருக்கலாம். ஆனால் சேலம் நண்பன் கொடுத்திருந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாட்டு வேறு ஹார்ட் டிஸ்க்கில் உட்கார்ந்திருந்தது. எங்கிருந்து பெயரை அடித்தாலும் அது ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு ஆட்டோ எக்ஸெக்கில் 'பாத்' என்கிற வரியில் அதன் விலாசத்தைச் சேர்க்கணும். சேர்த்தேன். ரீபூட் செய்தேன். 'அவுட் ஆஃப் என்விரான்மென்ட் ஸ்பேஸ்' என்றது. சுற்றுச்சூழலில் இடமில்லை! கோழிப் பண்ணை ஊரில் இது புதுச் செய்தி இல்லைதான். ஆனால் கம்ப்யூட்டர் சொன்ன என்விரான்மென்ட் வேறு. பாத் முதலான சங்கதிகளை எழுதிவைக்க டாஸ் ஒதுக்குகிற 256 பைட் சின்னப் பலகை அது. அதில் இடமில்லாததால் பாத் வரியே விழவில்லை. கணக்கு புரோகிராமும் கிளம்பவில்லை.

சேர்த்ததை எடுத்திருந்தால் முடிந்தது கதை. நான்தான் 618 பார்த்த வீரனாயிற்றே! கான்ஃபிக்கைத் திறந்து, 'ஷெல்' என்கிற வரியைத் திருத்தி, பலகையை 512 பைட் ஆக்கினேன். சேவ். ரீபூட். டிக்... டிக்... டிக்...

'பேட் ஆர் மிஸ்ஸிங் கமாண்ட் இன்டர்ப்ரெட்டர்'.

கெட்டுப்போன அல்லது காணாமல்போன துபாஷி! நாம் அடிப்பதை வாங்கி மிஷினுக்குச் சொல்கிற ஆளே இல்லை. அவ்வளவுதான். எந்த விசையை அமுக்கினாலும் அசைவில்லை. ஆஃப் செய்து ஆன் செய்தேன். ஏ.ஸி. ரூமில் எனக்குச் சட்டை நனைந்தது.

இதற்கு வைத்தியம் உண்டு. சிஸ்டம் ஃபிளாப்பியைப் போட்டு எழுப்பி, ஹார்ட் டிஸ்க்குக்குள் போய்த் திருத்தலாம். மேஜை டிராயரில் ஒன்று இருந்தது. போட்டேன். 'நான் சிஸ்டம் டிஸ்க்' என்றது. அப்போதுதான் ஞாபகம் வந்தது... புது ஃபிளாப்பி வாங்கக் காசில்லாமல் அந்த ஃபிளாப்பியை அழித்துத்தான் விளையாட்டைக் காப்பி செய்து வந்திருந்தேன்! பெர்ஷிய இளவரசனுக்கு ராஜகுமாரியைக் காப்பாற்ற அறுபது நிமிஷம் கெடு. எனக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

நாமக்கல்லில் அப்போது கம்ப்யூட்டர் இருந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ராத்திரியில் எல்லாம் பூட்டு. சேலம் போனால்தான் உண்டு. வெளியே வந்தேன். கணக்கய்யா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்குது?"

"மிஷின் எந்திரிக்கலைங்கய்யா. சேலம் போய்ட்டு வந்துடறேனுங்க."

அவர் எதுவும் கேட்கவில்லை. குடையை மறுபடி ஆணியில் மாட்டினார். "சாப்ட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட பஸ் ஏறாதே" என்றார்.

புதுச்சத்திரம், ஆண்டகளூர் கேட், மல்லூர்... அன்றைய ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை (இப்போது அதற்கு 44) அன்று முடிவில்லாமல் நீண்டது. நண்பன் அஸ்தம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். ராத்திரி அங்கேயே மேஜைமேல் படுக்கை. கதவைத் தட்டி எழுப்பினேன். கதையைக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் சிரித்தான். சிரித்துக்கொண்டே 'ஃபார்மட்' போட்டு ஒரு சிஸ்டம் ஃபிளாப்பி செய்து கொடுத்தான்.

"ஷெல் வரியில கை வெச்சியா? ஸ்பெல்லிங்கைப் பாரு. போன வருஷம் வந்த டாஸ் ஆறுல எஃப் அஞ்சை அமுக்கினா ரெண்டு ஃபைலையும் தாண்டிப் போயிடும். எஃப் எட்டுன்னா ஒவ்வொரு வரியா 'போடட்டா, வேணாமா'ன்னு கேக்கும். உங்க மொதலாளிய ஆறு வாங்கச் சொல்லு."

"மொதல்ல நாளைக்கு வேல இருக்கான்னு பாக்கறேன்" என்றேன்.

ஃபிளாப்பியைச் சட்டைப் பையில் வைத்து, பச்சைக் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு திரும்பினேன். மணி மூன்றரை. மில்லில் விளக்கு எரிந்தது. மூலையில் கணக்கய்யா. எதிரே கனமான பேரேடு. ஒரு கட்டு வெள்ளைத் தாளில் பண்ணை பண்ணையாக எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டாவது பண்ணை.

"இது... எந்தப் பேரேடுங்கய்யா?"

"இந்த வருசத்துது."

"ஏப்ரல்லயே நிறுத்தச் சொன்னாங்களேங்க?"

"நிறுத்தச் சொன்னாங்க. கை கேக்கல" என்றார் நிமிராமல். "சீட்டு எங்கிட்ட வந்துதானே உங்கிட்ட வருது? வர்றப்பவே எழுதிக்குவேன். நோட்டு என் சொந்தக் காசு. மில்லுக் காசு இல்ல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஃபிளாப்பியைப் போட்டேன். 'ஏ' என்று எழுந்தது. அந்த ஓர் எழுத்தைப் பார்த்ததும் வந்த நிம்மதியை எட்டு ஜி.பி.க்காரர்களுக்குப் புரியவைக்க முடியாது. கான்ஃபிக்கைத் திறந்தேன். ஷெல் வரி. கமாண்டுக்கு இங்கிலீஷில் இரண்டு 'எம்'. நான் போட்டிருந்தது ஒன்று. அறுபத்தொரு பண்ணை, நூற்றுப் பத்து கிலோமீட்டர், ஒரு ராத்திரித் தூக்கம் எல்லாம் அந்த ஒரு 'எம்'முக்காக!

கோபத்தில் அந்த வரியையே அழிக்கப் போனேன். பின்னால் கணக்கய்யா வந்து நின்றிருந்தார். முதல் தடவையாகக் கண்ணாடி ரூமுக்குள் வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்.

"என்ன பண்றே?"

"தப்பா எழுதிப்போட்டேங்க. அழிக்கறேன்."

"அழிக்காதே கண்ணு. கணக்குல அடிச்சுத் திருத்தலாம், அழிச்சுத் திருத்தப்படாது. முன்னால என்ன இருந்துச்சுன்னு நாளைக்கு உனக்கே தெரிய வேண்டாமா? மேல ஒரு கோடு போடு. பக்கத்துல சரியானத எழுது. கீழ ஒரு கையெழுத்து."

கம்ப்யூட்டரில் எங்கே கோடு போடுவது என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டேன். இருக்கிறது! ஒரு வரிக்கு முன்னால் 'ரெம்' என்று மூன்று எழுத்து போட்டால் போதும். வரி அங்கேயே கிடக்கும். மிஷின் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். டிப்ளமாவில் சொல்லித்தந்திருக்கிறார்கள். நான்தான் ஒரு நாளும் போட்டதில்லை. பழைய ஃபைலை வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்து வைத்ததும் இல்லை. தப்பான வரிக்கு முன்னால் ரெம் போட்டேன். கீழே சரியான வரி. பக்கத்தில் தேதி.

அவர் குனிந்து பார்த்துவிட்டு, "அட, உங்க மிஷின்லயும் சிவப்பு மை இருக்குதா!" என்றார்.

ரீபூட். டிக்... டிக்... டிக்... துபாஷி வந்துவிட்டார்!

பிரிண்டர் கிர்ர்... கிர்ர்... என்று பட்டியலை அடித்துத் தள்ளியது. விடியற்காலை ஐந்து மணிக்கு இருவரும் உட்கார்ந்து, என் பட்டியலையும் அவர் பட்டியலையும் ஒத்துப் பார்த்தோம். அறுபது பண்ணை பைசா சுத்தமாக நேர். ஒன்று மட்டும் உதைத்தது. மோகனூர் பக்கம் ஒரு சின்னப் பண்ணைக்காரர். என் பட்டியலில் அவருக்கு 2,340 ரூபாய் குறைவு.

கணக்கய்யா பேரேட்டைப் புரட்டினார். வேறொரு பண்ணையின் பக்கத்தில் ஒரு வரவு. 100 ட்ரே, 3,000 முட்டை, 78 பைசா. மேலே சிவப்புக் கோடு. அவர் கையெழுத்து. ஓரத்தில் 'பக்கம் 47 பார்க்க'. நாற்பத்தேழாம் பக்கத்தில் மோகனூர்க்காரர் பேரில் அதே தொகை. முதலில் பக்கம் மாறி எழுதி, பிறகு திருத்தியிருக்கிறார்.

எனக்கும் ஞாபகம் வந்தது. நானும் அதே தப்பைச் செய்தேன். தப்பான பண்ணையில் ஏற்றிவிட்டு, கண்டுபிடித்து அழித்தேன். சரியான பண்ணையில் ஏற்றுவதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். அப்புறம் மறந்தே போனேன். ஃபாக்ஸ்ப்ரோவில் 'டெலீட்' கொடுத்தால் ரெக்கார்ட் உடனே போகாது. போனதாக ஓர் அடையாளம் மட்டும் விழும். 'ரீகால்' என்றால் திரும்பி வரும். அதுவும் ஒரு சிவப்புக் கோடுதான். 'பேக்' கொடுத்தால்தான் சுத்தமாக ஒழியும். எனக்கு டிஸ்க் எப்போதும் 'க்ளீனாக' இருக்க வேண்டும். டெலீட் கொடுத்த கையோடு பேக். தடயமே இல்லை.

அந்தப் பண்ணைக்காரர் எழுதப் படிக்கத் தெரியாதவர். நாங்கள் சொல்வதுதான் அவருக்குக் கணக்கு. "கம்ப்யூட்டரே சொல்லிருச்சுங்க" என்று கும்பிட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார். அந்த ராத்திரி மிஷின் ஒழுங்காக ஓடியிருந்தால், யாருக்கும் எப்போதும் தெரிந்திருக்காது.

தொண்டையை அடைத்தது. "அய்யா... உங்களப் பத்தி ஒரு லெட்டர்... நான்தான் டைப் பண்ணினேன்..."

"தெரியும் கண்ணு."

"யாருங்க சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? செப்டம்பர்ல ஒரு நாள் நீ எம் மூஞ்சியப் பாத்துப் பேசறத நிறுத்தினியே, அன்னைக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு, சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தார்.

ஏழரை மணிக்கு முதலாளி வந்தார். இரண்டு பட்டியலையும் அவர் முன்னால் வைத்தேன். விளையாட்டு, பாத், ஒரு எம், அழிந்த ஃபிளாப்பி, 2,340 ரூபாய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ரெம் போடாமல் சொன்னேன். அவர் கையால் எழுதிய பட்டியலை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை விரலால் ஓட்டிக்கொண்டே போனார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"ஏழு மாசமா எழுதறீங்களா?" என்றார் கணக்கய்யாவிடம்.

"ஆமாங்க."

"நோட்டு எவ்வளவு ஆச்சு?"

"அது கெடக்குதுங்க."

"எவ்வளவு ஆச்சுன்னு கேட்டேன்."

சொன்னார். முதலாளி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டும் ஓடட்டும். வாரா வாரம் ஒத்துப் பாத்துட்டுத்தான் பட்டுவாடா. அந்த லெட்டர... அழிச்சுடு" என்றார்.

அழித்தேன். டாஸ் ஐந்தில் 'அன்டெலீட்' என்று ஒன்று உண்டு. அழித்ததைத் திரும்ப எழுப்பிவிடும். அதனால் அதே பெயரில் உளறலாக எதையோ அடித்து, மேலே சேவ் செய்து, அதற்கப்புறம் அழித்தேன். சிவப்புக் கோடு போடாமல் நான் சுத்தமாக ஒழித்தது அது ஒன்றைத்தான்.

எனக்குத் தண்டனை? சேலம் போய் வந்த பஸ் காசு 18 ரூபாயை 'செலவு' என்று எழுதச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கணக்கய்யா அதை என் சம்பளப் பற்றில் எழுதினார். "மில்லு ஃபிளாப்பிய அழிச்சது நீதானே கண்ணு?" நியாயம்தான்!

அதற்கப்புறம் விண்டோஸ் 95 வந்தது. கான்ஃபிக்கைத் திறக்கிற வேலை குறைந்துகொண்டே போய், ஒரு நாள் அந்த இரண்டு ஃபைல்களும் யாருக்கும் தேவைப்படாமல் போயின. 2024-ல் மைக்ரோசாஃப்ட் டாஸ் 4-ன் நிரலையே எல்லோரும் எடுத்துப் பார்க்கலாம் என்று வெளியிட்டது. அக்கா பையனிடம் சொன்னேன். "பாத்து என்ன மாமா பண்றது?" என்றான். அதுவும் சரிதான்.

கணக்கய்யா மேற்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். 1997 ஜனவரி ஒன்றாம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. மில்லில் 'சேலம் மாவட்டம்' என்று அச்சடித்த லெட்டர்ஹெட் இரண்டாயிரம் தாள் மிச்சம். புதிதாக அச்சடிக்கலாம், பழசைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றேன்.

"எதுக்கு?" என்றார். அந்த வார முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு தாளிலும் 'சேலம்' மேல் ஒற்றைச் சிவப்புக் கோடு. பக்கத்தில் நீல மையில் 'நாமக்கல்'. கீழே சின்னதாகக் கையெழுத்து. மார்ச்சில் ஓய்வு பெற்றுப் போனார்.

அதில் ஒரு தாள் இன்னமும் என்னிடம் இருக்கிறது. கோட்டுக்கு அடியில் 'சேலம்' என்று நன்றாகவே படிக்க முடிகிறது.